காதருகில் குலுக்கிப் பார்த்த கூடு

என் உயர்தர விலங்கியல் செய்முறைக் கொப்பியில் பதினேழாம் பக்கம் பொய். மற்றப் பக்கங்களில் தவளையும் கரப்பானும் மண்புழுவும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. அந்த ஒரு பக்கத்தில் மட்டும், பெரிய அந்துப் பூச்சி ஒன்றின் வாழ்க்கை வட்டத்தை முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்று அம்புக்குறி போட்டு வரைந்து, ஒவ்வொரு பருவத்துக்கும் எத்தனை நாள் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கூட்டுப்புழுவுக்கு எதிரே முப்பத்தெட்டு நாள் என்று இருக்கிறது. உலகத்தில் எந்தப் பூச்சியும் அந்த முப்பத்தெட்டு நாளை வாழவில்லை. ஆசிரியை அதற்குக் கீழே சிவப்பு மையால் 'மிக நன்று' என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. எண்பதுகளின் தொடக்கம். நிந்தவூரில் வீடு, கல்முனையில் பள்ளிக்கூடம், இரண்டுக்கும் நடுவே ஒருநாளும் நேரத்துக்கு வராத பஸ். எங்கள் வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, அது என் ராத்தாவின் வீடு. எங்கள் பக்கத்தில் மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் அதே வளவில் பின்பக்கம் கிடுகு வேய்ந்த சின்ன வீட்டுக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உம்மா, வாப்பா, இளைய மகளான நான் மூன்று பேரும் அப்படிப் பின்னால் போனோம். முன்வீட்டுக்கு என் மச்சான் வந்தார்.

மச்சான் சத்தமான ஆள். தும்மினால் தெரு முனை வரைக்கும் கேட்கும். விடிய வட்டைக்குப் போய் வயல் வேலை பார்த்துவிட்டு, பின்னேரம் சேறு காயாத காலோடு வந்து, குளிக்காமல் கொள்ளாமல் கிணற்றடிக் கொய்யா மரத்தில் ஏறுவார். ராத்தாவுக்குச் செங்காய்தான் பிடிக்கும் என்று தேடித் தேடிப் பறிப்பார். கலியாணம் முடித்துப் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதமும் எங்கள் வளவில் சிரிப்புச் சத்தம் கூடுதலாகத்தான் இருந்தது. வாப்பா பள்ளிவாசலுக்குப் போகும்போது வேண்டுமென்றே பெரிதாக இருமி, "கொஞ்சம் அடங்கிச் சிரிங்க" என்று குறிப்புக் காட்டிவிட்டுப் போவார்.

உயர்தர வகுப்பில் எல்லோரும் ஒரு பூச்சியை வளர்த்து, அதன் வாழ்க்கை வட்டத்தைக் கொப்பியில் பதிய வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் எருக்கலை இலையில் வண்ணத்துப்பூச்சி தேடினார்கள். ஒரு பின்னேரம் மச்சான் கொய்யா மரத்திலிருந்து கிளையொன்றை ஒடித்துக்கொண்டு இறங்கினார். அதில் சுண்டுவிரல் அளவில் பச்சைப் புழுக்கள். மாவில் புரட்டி எடுத்தது போல மேலெல்லாம் வெள்ளைத் தூள்.

"மச்சி, ஒன்ட சோதினைக்கு இது காணுமா? காணாட்டிச் சொல்லு, ஆத்தில முதல ஒண்டு புடிச்சித் தாறன்."

ராத்தா குசினி வாசலில் நின்று, "அத எடுத்துக்கிட்டு அங்கால போங்க. பாக்கவே மேலெல்லாம் கூசுது" என்று கத்தினாள். அவர் கிளையோடு அவள் பின்னால் கிணற்றைச் சுற்றி ஓடினார். நான் புழுக்களை எண்ணினேன். பதினொன்று. புத்தகத்தில் பார்த்தபோது அட்லஸ் அந்து என்று இருந்தது. செட்டையை விரித்தால் இரண்டு உள்ளங்கை அகலம் வரும் என்றும் இருந்தது. அதைச் சொன்னதும் மச்சானுக்கு என்னைவிட ஆசை பிடித்துவிட்டது.

"அந்தப் பூச்சியப் பாக்காம நான் உடமாட்டன்" என்றார். அன்றிலிருந்து அவரே இலை பறித்து, காட்போட் பெட்டிக்குள் போட்டு, புழுக்களோடு கதைத்துக்கொண்டும் இருந்தார்.

ஆறாம் நாள் அவர் மௌத்தானார். வட்டையிலிருந்து வரும்போது அவர் ஏறி வந்த உழவு மெசின் வாய்க்கால் கட்டில் சரிந்தது. நண்பகல் லுஹருக்குப் பிறகு செய்தி வந்தது. பொழுதுபட்டு மஃரிபு தொழுமுன் அடக்கம் முடிந்துவிட்டது. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது, பூசி மினுக்கக்கூடாது. வயிற்றில் பிள்ளை இருந்தால் நாள் எண்ணுவது கிடையாது. பிள்ளை பிறக்கும் வரைக்கும் இத்தாதான். ராத்தாவை வெள்ளைச் சீலை உடுத்தி உள்ளறையில் இருத்தினார்கள். சன்னலுக்குத் தடித்த திரை போட்டார்கள். அறையிலிருந்து கிணற்றடிக்குப் போக மறைப்பு வேலி கட்டினார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. முதல் இரண்டு நாளும் அவள் ஒரு சொல் கதைக்கவில்லை, ஒரு பருக்கைச் சோறு வாயில் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் கத்தம் ஓதிச் சனங்கள் போனபிறகு, முதன்முதலாக வாய் திறந்து என்னிடம் கேட்டாள்.

"மச்சான் கொண்டந்த புழுவுக்கு எல போட்டியா?"

"ஓம், போட்டன்" என்றேன். நான் போடவில்லை. அப்படி ஒரு பெட்டி இருந்ததே அந்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது.

"இஞ்ச கொண்டா."

பின்வீட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடினேன். பெட்டிக்குள் எட்டுப் புழுக்கள் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன. மூன்று மட்டும் காய்ந்த காம்பைப் பிடித்துக்கொண்டு அசைந்தன. செத்தவற்றை வேலியோரம் கொட்டிவிட்டு, புதுக்கொப்பு ஒடித்துப் போட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்தா மூடியைத் திறந்து பார்த்தாள். விரலால் தொட்டு எண்ணினாள். எட்டு எங்கே என்று அவள் கேட்கவில்லை. பெட்டியைத் தன் பாயோரம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மேல் கூசுது என்று கிணற்றைச் சுற்றி ஓடியவள்தான் அதற்குப் பிறகு அந்தப் புழுக்களை வளர்த்தாள். நான் காலையும் மாலையும் கொய்யா இலை கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் ஒவ்வொன்றாகத் துடைத்துப் போடுவாள். அந்த அறையின் அமைதியில் அவை இலை அரிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கொத்தமல்லி அளவில் எச்சம் போடும். அதையும் அவளே கூட்டி அள்ளுவாள். தோல் உரிக்கிற நாளில் அவை தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். அன்றைக்கு அவளும் அசையாமல் இருந்து பார்ப்பாள். உரித்த தோலைப் புழு தானே தின்றுவிடும் என்று நான் சொன்னதை உம்மா நம்பவில்லை, நேரில் பார்த்தபிறகு "அல்லாஹ்ட வேல" என்றா.

உம்மாவுக்கு அந்தப் புழுக்கள் பெரிய உதவியாக வந்தன. சோற்றுக் கோப்பையோடு வாசலில் நின்று, "நீ ஒரு வாய் திண்டாத்தான் அதுகளுக்கு எல வரும்" என்று பயம் காட்டுவா. சின்னப் பிள்ளைக்குச் சொல்லும் பேச்சு. ஆனாலும் ராத்தா தின்றாள். என் சாச்சிக்குத்தான் மனம் ஆறவில்லை. உம்மாவின் தங்கச்சியான அவ, ஊரில் எந்த வீட்டில் இத்தா என்றாலும் சட்டம் சொல்லப் போகிறவ.

"இத்தா அறைக்குள்ள புழுவா? அதில ஆண் எத, பெண் எத?"

"இப்ப தெரியாது சாச்சி. தாடி வளந்தாத்தான் தெரியும்" என்றேன். உம்மா என் தலையில் குட்டினா.

மூன்றில் ஒன்று தோல் உரிக்க முடியாமல் செத்தது. இன்னொன்று ஒரு காலையில் கறுத்து நீராகக் கிடந்தது. மிஞ்சிய ஒன்று என் நடுவிரலைவிட நீளமாக, தடித்து வளர்ந்து, பத்தொன்பதாம் நாள் தின்பதை நிறுத்திவிட்டது. நூல் விட்டு இரண்டு இலைகளை இழுத்துச் சேர்த்து நடுவில் புகுந்துகொண்டது. அதற்கு முன் இலைக் காம்பைக் கொப்போடு நூலால் சுற்றிக் கட்டியது. இலை பழுத்தாலும் விழக்கூடாதாம். ராத்தா அன்று முழுக்க அதன் முன்னாலேயே இருந்தாள். புழுவின் தலை ஆடுவது நூலுக்குப் பின்னால் மங்கி மங்கி, பின்னேரம் அஸர் நேரம் போலத் தெரியாமலே போயிற்று.

"அவர் இரிந்து பாத்திரிந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் அழுதாள். மச்சானின் மையத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட அழாதவள். நானும் உம்மாவும் அவளோடு சேர்ந்து அழுதோம்.

அழுது ஓய்ந்தபிறகு எனக்குத் தெரிந்த ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். "ஒரு கிழமை போகட்டும் ராத்தா. பொறகு காதுக்கிட்ட வெச்சி மெல்லக் குலுக்கினாய் எண்டா, உள்ளுக்குப் பாரமாத் தட்டும். தட்டினா உசிரோட இரிக்கி." அதிலிருந்து விடியச் சுபஹு தொழுத கையோடு கூட்டைக் கொப்போடு எடுத்துக் காதருகில் பிடிப்பது அவளுக்குப் பழக்கமாயிற்று. அது தட்டும். அவள் தலையை ஆட்டி எனக்குச் செய்தி சொல்லுவாள்.

அந்த மாதம் ராத்தா முழுகவில்லை. உம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தா. பிறகு என்னைக் கூப்பிட்டு, யாருக்கும் சொல்லாதே என்று வாயைப் பொத்திச் சொல்லிவிட்டு, அவவே போய்ச் சாச்சிக்குச் சொன்னா. அன்று பின்னேரத்துக்குள் செய்தி அடுத்த தெருவில் இருந்த மாமிக்கு, மச்சானின் உம்மாவுக்கு, போய்விட்டது.

மாமி மகன் மௌத்தான நாளிலிருந்து பச்சைத் தண்ணியும் பிளேன்டியுமாகக் கிடந்தவ. பிடிக்க ஆள் வேண்டாமல் அன்று எழும்பி நடந்து வந்தா. ராத்தாவின் பாயில் இருந்து அவளுடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. கொப்பில் தொங்கிய கூட்டைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டா. நான் சொன்னேன். மச்சான் கொண்டுவந்தது என்றதும் மாமியின் முகம் மாறியது.

"என்ட மகன் ரெண்ட உட்டுட்டுப் போயிரிக்கான். ஒண்டு கூட்டுக்க, ஒண்டு வயித்துக்க. அது நல்லா வந்தா இதும் நல்லா வரும்."

வாசலுக்கு வெளியே நின்ற வாப்பா, "அப்பிடிக் குறி பாக்கிறது கூடாது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மாமி கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு கோப்பை சோறு முழுக்கத் தின்றா. உம்மா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தா.

அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கொரு முறை மாமி வந்தா. வாழைப்பூச் சுண்டல், மீன் சினை, சுட்ட அப்பம் என்று எதையாவது மூடிக்கொண்டு வருவா. வந்ததும் இரண்டு கேள்வி. முதலில் ராத்தாவிடம், "வயிறு எப்பிடி?" பிறகு என்னிடம், "கூடு எப்பிடி?" வாப்பாவுக்குப் பிடிக்காவிட்டாலும் வளவு முழுக்க அந்தச் சொல்லில் தொற்றிக்கொண்டது. உம்மாவும் கூட்டைப் பார்த்துப் பிஸ்மி சொல்லத் தொடங்கினா. சாச்சி அறைக்குள் கூட்டுமாற்றை மெதுவாகப் போட்டுக் கூட்டினா. விலங்கியல் படித்த நானே பள்ளியால் வந்ததும் முதலில் கூட்டைத்தான் பார்த்தேன். படிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

ஒரு கிழமை ராத்தா இரண்டு நாள் தலையிடி என்று சுருண்டு படுத்திருந்தாள். பிள்ளைத்தாச்சிக்கு இருக்கும்தானே என்றா உம்மா. அந்தக் கிழமையில் ஒரு பின்னேரம் பள்ளியால் வந்து அறைக்குள் போனேன். ராத்தா எனக்கு முதுகைக் காட்டித் தொழுகைப் பாயில் இருந்தாள். நான் சத்தமில்லாமல் கூட்டை எடுத்துக் காதருகில் குலுக்கினேன். தட்டவில்லை. மீண்டும் குலுக்கினேன். காய்ந்த விதை உருள்வது போல ஒரு சின்னச் சலசலப்பு மட்டும். கையில் பாரமே இல்லை.

ராத்தா திரும்பிப் பார்க்கவில்லை. குனியாமல் நிமிராமல் அப்படியே இருந்தாள். நீண்ட துஆ கேட்கிறாள் என்று நினைத்தேன். வெளியே கொய்யா மரத்தின் உச்சிக் கொப்பில் இரண்டு கூடுகள் தொங்குவதை முன்பே கண்டுவைத்திருந்தேன், மச்சான் கண்ணில் படாமல் தப்பிய புழுக்கள் கட்டியவை. பள்ளிச் சட்டையோடு மரத்தில் ஏறினேன். முதல் கூட்டைக் குலுக்கினேன், தொக் என்று தட்டியது. அதே நீளத்துக்குக் கொப்பை ஒடித்தேன். உள்ளே வந்தபோதும் ராத்தா பாயில் அதே இருப்பில் இருந்தாள். பழையதை எடுத்துப் புத்தகப் பைக்குள் போட்டேன். புதியதை அதே இடத்தில், இலை சுவர்ப் பக்கம் பார்க்க வைத்தேன்.

பழைய கூட்டைப் பின்வேலியோரம் கொண்டுபோய்ப் பிளேடால் கீறிப் பார்த்தேன். புழு இருந்த இடத்தில் வெறும் கோதும் தூளும். அதற்குள் நெல்மணி போலச் சின்னச் சின்னச் செங்கபில உறைகள், ஏழோ எட்டோ. ஒரு வகை ஈயின் வேலை அது. ஈ புழுவில் முட்டை வைக்கும். புழு அதையும் சுமந்துகொண்டு தின்னும், வளரும், நூல் விட்டுக் கூடும் கட்டும். கூட்டுக்குள் போனபிறகுதான் ஈயின் குடம்பிகள் அதைத் தின்று முடிக்கும். மச்சான் கிளையை ஒடித்துக்கொண்டு இறங்கிய அன்றே அது முடிந்துபோன புழு. எல்லாவற்றையும் மண்ணில் புதைத்தேன். செய்தது சரியா என்று நான் யோசிக்கவே இல்லை. மாமி நாளைக்கு வந்து கூடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் மனதில் இருந்தது.

மறுநாள் சுபஹுக்கு எழும்பியதும் முன்வீட்டுக்குப் போய் அறை வாசலில் நின்றேன். ராத்தா கூட்டை எடுத்தாள். காதருகில் பிடித்துக் குலுக்கினாள். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இரிக்கா?" என்று கேட்டேன்.

"இரிக்கி" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை பூச்சி வந்தது. மாமியும் சாச்சியும் வந்திருந்தார்கள். கூட்டின் மேல்முனை நனைந்து, கால்கள் வெளியே வந்தன, பிறகு பஞ்சு போலத் தடித்த உடம்பு. கசங்கிய துணித்துண்டாகத் தொங்கிய செட்டைகள் எங்கள் கண் முன்னாலேயே மெல்ல மெல்ல நீண்டு விரிந்தன. செங்கபில நிறம், நடுவில் கண்ணாடி போட்ட சன்னல் மாதிரி முக்கோணங்கள். மேற்செட்டையின் முனையைக் கண்டதும் சாச்சி, "அல்லாஹ்! பாம்புத் தல!" என்று பின்வாங்கினா. மாமி இரண்டு கையையும் ஏந்தி வாய்க்குள் ஓதினா. கண்ணீர் தாடையில் வழிந்து வெள்ளைச் சீலையில் விழுந்தது, துடைக்கவில்லை.

உம்மா சும்மா இருப்பாவா? வீட்டுக்கு வந்ததைப் பட்டினி போடக்கூடாது என்று ஒரு தட்டத்தில் சீனித் தண்ணி கரைத்துக்கொண்டு வந்தா.

"அது தின்னாது உம்மா. அதுக்கு வாய் இல்ல."

"வாய் இல்லாம ஒரு சீவனா? என்ன படிக்கிறாய் நீ?"

"மெய்தான். புழுவா இரிக்கக்குள்ள திண்டதக் கொண்டுதான் சீவிக்கும். ஒரு கிழமை, கூடினாப் பத்து நாள். முட்டை வெச்சிட்டுச் செத்திரும்."

ராத்தா பூச்சிக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். அது ஏறி நின்றது. "திண்டது காணுமா அதுக்கு?" என்று கேட்டாள். காணும் என்றேன். அப்போது அவள் பூச்சியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வந்தது பெண் பூச்சி. அடுத்த நாள் சுபஹு நேரம் பார்த்தால் திரையில் இன்னும் இரண்டு பூச்சிகள், சிறியவை, இறகு போல விரிந்த உணர்கொம்போடு. பெண்ணின் வாசம் பிடித்து எங்கிருந்தோ வந்த ஆண்கள். நான் அதை விளக்கியிருக்கக்கூடாது. சாச்சி தலையில் கை வைத்துக்கொண்டா.

"இத்தா அறைக்க ரெண்டு ஆம்புளைகளா! திரையப் போட்டும் வந்திட்டானுகளே!"

ராத்தா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். மச்சான் போனபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. உம்மா குசினிக்குள் போய் அழுதா. நான் செய்தது நல்ல காரியம்தான் என்று அன்றைக்கு நான் முழுசாக நம்பினேன்.

பெண் பூச்சி திரையில் வரிசையாக முட்டை வைத்தது. செட்டை கிழிந்து, தூள் உதிர்ந்து, ஆறாம் நாள் திரையடியில் விழுந்து கிடந்தது. ராத்தா அதைக் கைலேஞ்சித் துணியில் எடுத்து வைத்தாள். அடுத்த நாள் காலை நான் பள்ளிக்கு உடுத்துக்கொண்டு நிற்கும்போது, உம்மாவைக் கூப்பிட்டு, "உம்மா, புள்ள போயிட்டு" என்றாள். மழை விட்டுவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். மருத்துவிச்சி வந்து பார்த்தா. வெளியே வந்து உம்மாவிடம் இல்லை என்று தலையை ஆட்டினா.

மாமி வந்தா. ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுவந்த கோப்பையை மூடியபடியே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனா. அதற்குப் பிறகு எங்கள் வளவுக்கு வருவது குறைந்தது. ஊரில் எல்லோரும் ஒன்றைத்தான் கதைத்தார்கள்: பூச்சி செத்தது, பிள்ளையையும் கொண்டு போய்விட்டது. உம்மா திரையை முட்டைகளோடு கழற்றி அடுப்பில் போட்டா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மச்சானின் பூச்சியே இல்லை, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நான் பொய்யாக ஒரு நம்பிக்கையைக் கொடுத்து, அந்த நம்பிக்கையை அவர்கள் முன்னாலேயே சாகவும் விட்டேன். அப்படித்தான் எண்ணினேன். அந்தக் குற்ற உணர்வோடுதான், இரண்டு கூட்டின் நாள்களையும் ஒரே கூட்டின் கணக்காகச் சேர்த்து, பதினேழாம் பக்கத்தை எழுதி முடித்தேன்.

நாலு மாதமும் பத்து நாளும் முடிந்து ராத்தா வெளியே வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொய்யா மரத்தடியில் கொஞ்சநேரம் நின்றாள். மூன்று வருடம் கழித்து அவளுக்கு மறுமணம் நடந்தது. நல்ல மனிதர், அமைதியானவர். ஒரு மகளும் பிறந்தாள். நான் விலங்கியல் படித்து, ஆசிரியையாகி, வெளியூரில் கற்பித்தேன். வருடா வருடம் கரும்பலகையில் வாழ்க்கை வட்டத்தை வரைவேன். கூட்டுப்புழுவில் வந்து நிற்கும்போது சுண்ணக்கட்டி சறுக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு விடுமுறைக்கு வந்திருந்தபோது, இனி முடியாது என்றாகிவிட்டது. ஒரு முற்பகல். ராத்தா குசினி வாசலில் சுளகில் அரிசி போட்டு நெல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கிணற்றடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்து, பாடம் ஒப்புவிப்பது போல ஒரே மூச்சில் சொன்னேன்.

"ராத்தா, அண்டைக்குப் பூச்சி வந்த கூடு மச்சான் கொண்டந்த கூடு இல்ல. அது செத்திட்டு. நான்தான் மரத்தில இரிந்து வேற ஒண்ட எடுத்து மாத்தி வெச்சன்."

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்பிடி?"

"குலுக்கிப் பாக்க நீதானே பழக்கினாய். ஒரு கிழமையா அதில சத்தம் இல்ல. செத்த கூடு ஒரு நாள் விடிய எழும்பித் தட்டுமா?" சுளகைப் புடைத்தாள். "நீ மாத்தக்குள்ள பாயிலதானே இரிந்தன். உன்ட காலடி எனக்குத் தெரியாதா?"

"நீ தொழுதுக்கிட்டு..."

"தொழல்ல. தொழுற நிலையில நான் இரிக்கல்ல. நீங்க ஆரும் கண்டுபுடிக்கப்படாதெண்டு பாயில சும்மா இரிந்தன்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அந்தத் தலையிடி. குனியாமல் நிமிராமல் இருந்த முதுகு. இரத்தம் போகும் பெண்ணுக்குத் தொழுகை இல்லை.

"அப்ப... புள்ள போனது பூச்சி செத்த பொறகு இல்லயா?"

"அதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே போயிட்டு. துணியெல்லாம் நானே கிணத்தடியில கழுவினன். கூட்டிலயும் சத்தம் இல்ல, வயித்திலயும் ஒண்டும் இல்ல. மாமி அப்பதான் சோறு தின்னத் தொடங்கியிரிந்தா. ரெண்டையும் எப்பிடிச் சொல்லுறெண்டு தெரியாம பாயில குந்திக்கிட்டு இரிந்தன். நீ வந்து ஒண்ட மாத்தி வெச்சாய்."

அரிசிக்குள் கிடந்த நெல் ஒன்றைப் பொறுக்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

"மத்தத ஆரு மாத்தி வெக்கிற?"